மரம் வெட்டிய நேஷனல் ஃபாரஸ்ட்டில் இலவசமாக இரவு தங்க இடம் பிடிப்பது எப்படி?

வழித்துணை:

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்டில் ஒரு வார இறுதிக்கு வாஷிங்டன் மாநிலத்தில் கிஃபர்ட் பின்ஷோ நேஷனல் ஃபாரஸ்ட் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு முன்பதிவுத் தளத்தில் பார்த்தால் நல்ல கேம்ப்கிரவுண்ட் எதிலும் இடம் இல்லை, ஆறு மாதம் முன்பே திறந்து உடனே தீர்ந்துவிடுகிறதாம். அப்புறம்தான் நேஷனல் ஃபாரஸ்ட்டில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

சாட்டிலைட் படத்தில் பார்த்தேன். மரம் வெட்டிய இடங்கள் சதுரம் சதுரமாகத் தெரிகின்றன, அவற்றுக்குள் கோடு கிழித்த மாதிரி நூற்றுக்கணக்கில் மண் பாதைகள், பல பாதைகள் ஒரு வட்டமான வெற்றிடத்தில் போய் முடிகின்றன. அந்த முனைகளில் டென்ட் போடலாமா? சட்டப்படி சரியா? வெட்டிய மரம் ஏற்றும் லாக் டிரக் வந்து நிற்குமா? எங்களிடம் இருப்பது சாதாரண செடான் கார். யாராவது போய்த் தங்கிய இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

காட்டுச்சாலை:

நண்பரே, நீங்கள் படத்தில் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த வட்டமான வெற்றிடத்துக்கு லேண்டிங் என்று பெயர். வெட்டிய மரங்களை இழுத்து வந்து கிளை கழித்து, அடுக்கி, டிரக்கில் ஏற்றும் களம் அது. காஸ்கேட் மலைச் சரிவுகள் செங்குத்தானவை, டிராக்டர் இறங்காது, அதனால் மேட்டு விளிம்பில் ஒரு உயரமான இரும்புக் கோபுரத்தை நிறுத்தி, கம்பிவடம் கட்டி, கீழே வெட்டிய மரத்தை மேலே இழுப்பார்கள். ஆகவே லேண்டிங் பெரும்பாலும் மலைமுதுகின் நுனியில் இருக்கும், எதிரே காடு வெட்டப்பட்டதால் பார்வை திறந்து கிடக்கும். பணம் கட்டித் தங்கும் கேம்ப்கிரவுண்ட் மரத்தடியில் இருட்டில் இருக்க, ஆடம்ஸ் மலையும் செயின்ட் ஹெலன்ஸும் முழுசாகத் தெரிவது இப்படிப்பட்ட இடங்களில்தான். டிரக் திரும்ப வேண்டும் என்பதால் தரை மட்டமாக, ஜல்லி போட்டு இறுக்கமாக இருக்கும்.

இத்தனை பாதைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன என்றால், 1980-களின் கடைசியில் நேஷனல் ஃபாரஸ்ட்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி போர்டு அடி (ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலத் தடிமன் உள்ள பலகை ஒரு போர்டு அடி) மரம் வெட்டினார்கள். 1990-இல், பழைய காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள், 1994-இல் வடமேற்குக் காடுகளுக்குத் தனித் திட்டம் வந்தது, வெட்டு நான்கில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிட்டது. வெட்டுக்காகப் போட்ட சாலைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. நாடு முழுக்க நேஷனல் ஃபாரஸ்ட்டுகளை நிர்வகிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸ் கையில் சுமார் 3,70,000 மைல் சாலை இருக்கிறது. அதில் பாதி, நாளுக்கு ஒரு வண்டி கூடப் போகாத ரோடாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சட்டம் பற்றி: ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்தில், கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே தங்குவது பொதுவாக இலவசம், முன்பதிவும் வேண்டாம், ஒரே இடத்தில் பெரும்பாலும் 14 நாள் வரை. ஆனால் "எங்கு வேண்டுமானாலும்" என்று உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். நீங்கள் காரில் போகிறீர்கள், கார் எங்கே போகலாம் என்பதை எம்.வி.யு.எம். என்ற வரைபடம்தான் தீர்மானிக்கிறது. மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப். 2005-இல் வந்த விதியின்படி ஒவ்வொரு ஃபாரஸ்ட்டும் இதை வெளியிட வேண்டும், இலவசம், அவென்சா செயலியில் இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் நீங்கள் நிற்கும் இடம் அதில் தெரியும். அந்த வரைபடத்தில் இல்லாத ரோடு வண்டிக்கு மூடப்பட்ட ரோடு. கேட் இல்லாவிட்டாலும், டயர் தடம் இருந்தாலும், கூகுள் மேப் அதில் போகச் சொன்னாலும் சரி. சில ரோடுகளின் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகப் போட்டிருப்பார்கள், அங்கே மட்டும் ரோட்டை விட்டு வண்டியை இறக்கிக் குறிப்பிட்ட தூரம் உள்ளே போய்த் தங்கலாம் என்று அர்த்தம். பக்கத்திலேயே ஒரு அட்டவணை இருக்கும், எந்த ரோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திறந்திருக்கும் என்று. முதலில் பார்க்கக் கண்ணுக்கு எரிச்சலாக இருக்கும், கருப்பு வெள்ளையில் மலையோ ஓடையோ சரியாகத் தெரியாது. கால்டோப்போ என்ற வரைபடத் தளத்தில் சாட்டிலைட் படத்தின் மேலேயே இந்தச் சாலைகளைப் போட்டுப் பார்க்க முடியும், இடம் தேடுவதை அதில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்துக்கு மட்டும் மூல வரைபடத்தைப் பாருங்கள்.

செடான் என்று சொன்னீர்கள். இந்தப் பகுதியில் ரோட்டு எண் பலகையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எண் படுக்கையாக எழுதியிருந்தால் சாதாரண கார் போகும். ஒல்லியான பழுப்புக் கம்பத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருந்தால் உயரமான வண்டிக்கான ரோடு. 23 என்று இரண்டு இலக்கம் இருந்தால் முக்கியச் சாலை, 2329 என்றால் அதன் கிளை, அதிலிருந்து மூன்று இலக்கத்தில் பிரிவது கடைசிக் குச்சிப்பாதை. உங்கள் லேண்டிங் அந்த மூன்று இலக்கப் பாதையின் முனையில்தான் இருக்கும். நான் செய்வது, அந்தப் பாதையின் வாயில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் நடந்து போய்ப் பார்ப்பது. நடுவில் குறுக்குக் கால்வாய் வெட்டியிருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, முனையில் திருப்ப இடம் இருக்கிறதா. ஆல்டர் செடி ரோட்டின் நடுவிலேயே முளைத்து நிற்கிறது என்றால் அந்த ரோட்டைப் பல வருடமாக யாரும் கவனிக்கவில்லை, உள்ளே போகாதீர்கள்.

இப்போது டிரக். வெட்டு நடக்கும் இடத்தில் தங்கவே கூடாது, இதில் பேச்சே இல்லை. சரக்கு ஏற்றிய லாக் டிரக் 80,000 பவுண்டு எடை, ஒரு வண்டி அகல ரோட்டில் இறக்கத்தில் வருகிறது, உங்களுக்காக நிற்க அதனால் முடியாது. விடியும் முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். அடையாளங்கள் எல்லாம் ரோட்டிலேயே இருக்கும். ஆரஞ்சுப் பலகை, டிரக் ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவின் சேனல் எண் எழுதிய அட்டை, புதிதாக நசுங்கிய மரப்பட்டைத் துண்டுகள், தூசி அடங்கத் தண்ணீர் தெளித்த ஈரம். வெயில் காலத்தில் காய்ந்த ரோட்டில் திடீரென்று ஈரமான பகுதி வந்தால் அது மழையாக இருக்க வாய்ப்பில்லை. லேண்டிங்கில் இயந்திரம் நின்றால் சனிக்கிழமை ஆள் இல்லை என்று நம்பித் தங்காதீர்கள், அந்த இடம் ஒப்பந்தக்காரரின் வேலைத்தளம். போவதற்கு முன் வெள்ளிக்கிழமைக்குள் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். உங்கள் பக்கத்துக்கு ராண்டில் ஊரில் ஒன்று, ட்ரௌட் லேக் ஊரில் ஒன்று இருக்கிறது. "நல்ல இடம் எங்கே" என்று கேட்டால் கேம்ப்கிரவுண்ட் பட்டியலைத்தான் சொல்வார்கள். "இந்த எண் ரோட்டில் இப்போது மரம் ஏற்றுகிறார்களா, எங்காவது ரோடு அரித்துப் போயிருக்கிறதா" என்று எண்ணோடு கேளுங்கள், நேரான பதில் கிடைக்கும்.

ஜி.பி.எஸ். எண் மட்டும் நான் கொடுக்க மாட்டேன், மன்னிக்கவும். ஒரு இடத்தின் எண் இணையத்தில் ஏறினால் இரண்டு கோடையில் அங்கே குப்பையும் மலமும் சேர்ந்து, கடைசியில் ரோட்டின் வாயில் பாறையை உருட்டி மூடிவிடுகிறார்கள். தேடக் கற்றுக்கொண்டால் எண்ணே தேவைப்படாது.

நாலாம்பிறை:

காட்டுச்சாலை சொன்னது எல்லாம் சரி, கடைசிப் பத்தியைத் தவிர. ஐ-ஓவர்லேண்டர், தி டிர்ட் மாதிரி செயலிகளில் ஆயிரக்கணக்கில் இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் சொல்லாமல் இருந்தால் தெரிந்தவர்கள் மட்டும் அனுபவிப்பார்கள், சின்னக் குழந்தையோடு முதல்முறை போகிறவர்கள் இருட்டில் ரோடு ரோடாக அலைவார்கள். நம் ஆட்கள் பலர் இந்தக் காட்டுப் பக்கம் வராமலே இருப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது எல்லாருடைய நிலம், வரி கட்டுகிற எல்லாருக்கும் பாத்தியதை உண்டு.

துல்லியமான ஜி.பி.எஸ். புள்ளி வேண்டாம், வட்டாரமாகச் சொல்கிறேன். அண்ணா, ராண்டிலிலிருந்து 23-ஆம் சாலையில் தெற்கே போங்கள், அது ஆடம்ஸ் மலையின் மேற்குப் பக்கமாக ட்ரௌட் லேக் வரை போகிறது, நடுவில் ஒரு பகுதி ஜல்லி ரோடு. 2329 பிரியும் இடத்தில் திரும்பினால் தக்லாக் ஏரி வரும், அங்கே இருக்கும் கேம்ப்கிரவுண்ட் நிரம்பித்தான் இருக்கும், ஆனால் பகலில் ஏரியைப் பார்த்துவிட்டு சுற்றியுள்ள கிளைகளை எம்.வி.யு.எம். வைத்துத் தேடலாம். மூன்று நான்கு இடத்தை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள், ஏனென்றால் முதல் இடத்தில் யாராவது இருப்பார்கள், இரண்டாவது பிடிக்காது, மூன்றாவதுதான் அமையும்.

செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைச் சுற்றியுள்ள நினைவுச்சின்னப் பகுதிக்குத் தனி விதி, அங்கே பல இடங்களில் தங்கக் கூடாது. வில்டர்னஸ் என்று எல்லை போட்ட இடத்துக்குள் வண்டியே போக முடியாது. கழிப்பறை, மேசை வசதி உள்ள மலையேற்றப் பாதைகளின் தொடக்கத்தில் காரை நிறுத்தினால் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும், நாளுக்கு 5 டாலர், வருடத்துக்கு 30. இரவு தங்குவதற்கு இல்லை, நிறுத்துவதற்கு.

ஓரக்கல்:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது. மரம் வெட்டிய நிலம் எல்லாம் நேஷனல் ஃபாரஸ்ட் கிடையாது. 1864-இல் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதைக்காக அரசு நிலத்தை ஒரு மைல் சதுரம் விட்டு ஒரு மைல் சதுரம் என்று கொடுத்தார்கள். அதில் பலவும் பிற்பாடு மரக் கம்பெனிகள் கைக்குப் போனது, இன்றும் பல இடங்களில் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் அரசு, ஒரு கட்டம் தனியார். ரோடு இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும், வேலி எதுவும் இருக்காது. தனியார் நிலத்தில் தங்கினால் அத்துமீறல். வேர்ஹவுசர் போன்ற கம்பெனிகள் தங்கள் காட்டுக்குள் நுழையவே வருட பெர்மிட் விற்கின்றன.

பார்த்தாலே ஓரளவு பிரித்துவிடலாம். தனியார் காட்டில் பெரிய பரப்பை மொட்டையாக வெட்டி, ஒரே உயரத்தில் டக்ளஸ் ஃபிர் நட்டு, நாற்பது ஐம்பது வருடத்தில் மறுபடி வெட்டுவார்கள். ஃபாரஸ்ட் சர்வீஸ் இப்போது அதிகம் செய்வது இடையிடையே களைந்து எடுப்பது, அங்கங்கே பழைய மரம் நிற்கும். ஆனாலும் கண்ணை நம்ப வேண்டாம், வரைபடத்தில் நில உரிமையைப் போட்டுப் பாருங்கள். மாநில அரசின் இயற்கை வளத் துறையான டி.என்.ஆர். காடு வேறு, அதில் காரை நிறுத்த டிஸ்கவர் பாஸ் வேண்டும். ஒரிகனின் மேற்குப் பக்கம் போனால் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். நிலமும் இதே மாதிரி கட்டம் கட்டமாக வரும், அங்கே இலவசமாகத் தங்கலாம், விதி ஏறத்தாழ இதேதான்.

கேட் முன்னால் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், துருப்பிடித்துப் பல வருடம் திறக்காத மாதிரி இருந்தாலும். தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி போகும் வழி அது.

செல்வி_மு:

நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு இப்படித்தான் போகிறோம், அதனால் குடும்பத்துக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

டென்ட் போடும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன மரம், பாதி முறிந்து தொங்கும் கிளை, வெட்டின் ஓரத்தில் தனியாக விட்டுப்போன ஒல்லி மரம். சுற்றிலும் காடு இருந்தவரை காற்றை அது பார்த்ததே இல்லை, பக்கத்து மரங்களை வெட்டியதும் முழுக் காற்றும் அதன் மேல், வேர் தாங்காது. மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போடுங்கள். ஆடம்ஸின் தெற்குச் சரிவில் 2012-இல் பெரிய தீ எரிந்தது, அப்படி எரிந்த காட்டில் கருப்பாக நிற்கும் மரங்கள் பல வருடம் கழித்தும் காற்றே இல்லாத நாளில் கூட விழும். எரிந்த காட்டுக்குள் நான் பிள்ளைகளோடு தங்க மாட்டேன்.

லேண்டிங் தரையில் டென்ட் கட்டும் முளை இறங்காது. ஜல்லிக்கு மேல் டிரக் ஓடி ஓடி சிமென்ட் போல இறுகியிருக்கும். தானாக நிற்கும் டென்ட் எடுத்துப் போங்கள், கயிற்றைப் பெரிய கல்லில் கட்டுங்கள், அடியில் போடத் தடிமனான விரிப்பு வேண்டும். தரையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள், பழைய கம்பிவடத்தின் துண்டு மண்ணிலிருந்து ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தை செருப்பில்லாமல் ஓடவே கூடாது. துப்பாக்கித் தோட்டா ஓடுகளும் உடைந்த கண்ணாடியும் கிடந்தால் அது சனி ஞாயிறு சுட்டுப் பழக ஆட்கள் வரும் இடம், வேறு இடம் பாருங்கள். ஓரத்தில் கழிவுக் கிளைகளை மலை போலக் குவித்திருப்பார்கள், அதில் குளவி கூடு கட்டும், ஏறி விளையாட விடாதீர்கள்.

வெட்டிய இடத்தில் வெயில் விழுவதால் ஆகஸ்டில் ஹக்கிள்பெரி பழுத்து நிற்கும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கருங்கரடிக்கும் அதேதான். சாப்பாடு, பற்பசை, குப்பை எல்லாம் ராத்திரி காருக்குள் பூட்டி வையுங்கள், டென்டில் ஒரு பிஸ்கட் கூட வேண்டாம்.

கழிப்பறை இருக்காது. சின்ன மண்வாரி எடுத்துப் போய் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குலம் குழி தோண்டி மூடுங்கள், பேப்பரைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். தண்ணீரும் இருக்காது, மலைமுதுகில் ஓடை ஓடாது, சமையல், கை கழுவ, குடிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் இதுதான் எப்போதும் குறைகிறது.

நெருப்பு: ஆகஸ்டில் பெரும்பாலும் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே விறகு நெருப்புக்குத் தடை இருக்கும். போகும் வாரமே ஃபாரஸ்ட்டின் தளத்தில் பாருங்கள். மூடித் திறக்கும் குமிழ் உள்ள கேஸ் அடுப்பை வழக்கமாக அனுமதிப்பார்கள். கலிஃபோர்னியா பக்கம் என்றால் அடுப்புக்கே கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும், இலவசம், ஆன்லைனில் எடுக்கலாம். தடை இல்லாவிட்டாலும் லேண்டிங்கில் நான் நெருப்பு மூட்டுவதில்லை. தரையில் கலந்து கிடப்பது எல்லாம் காய்ந்த மரப்பட்டை, நெருப்பு அடியில் புகைந்துகொண்டே போய் நீங்கள் வீடு திரும்பிய பிறகு கிளம்பும்.

வழித்துணை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. எம்.வி.யு.எம். இறக்கிவிட்டேன், 2329 பக்கம் நான்கு முனைகளைக் குறித்து வைத்திருக்கிறேன், ராண்டில் அலுவலகத்துக்கு எண்ணோடு போன் செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ஆகஸ்டில் முடியாமல் நவம்பர் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குத் தள்ளினால் இதே இடம் சரிவருமா? சிக்னல் இல்லாத இடத்தில் ஏதாவது ஆனால் என்ன செய்வது?

காட்டுச்சாலை:

நவம்பரில் வேண்டாம். அந்த உயரத்தில் பனி விழத் தொடங்கிவிடும், யாரும் பனி தள்ள மாட்டார்கள், மறுபடி போக ஜூன் கடைசி ஜூலை ஆகும். அதற்கு முன் அக்டோபரில் வேட்டைக் காலம், நல்ல லேண்டிங் எல்லாம் வேட்டைக்காரர்கள் பிடித்துவிடுவார்கள், போனால் மூன்று பேரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

2006 தேங்க்ஸ்கிவிங் முடிந்து வந்த சனிக்கிழமை இரவு தென்மேற்கு ஒரிகனில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, கடற்கரைக்குப் போகும் மலைச்சாலையில் பனியில் மாட்டி, தவறிப்போய் ஒரு லாகிங் ரோட்டில் திரும்பிவிட்டது. மூடியிருக்க வேண்டிய கேட் திறந்து கிடந்தது. ஒரு வாரம் காரிலேயே இருந்தார்கள், டயரை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். உதவி தேடி நடந்து போன தந்தை குளிரில் இறந்துவிட்டார். காருக்குப் பக்கத்தில் இருந்த தாயையும் குழந்தைகளையும் ஹெலிகாப்டர் கண்டுபிடித்து மீட்டது. கார் மேலிருந்து பார்த்தால் தெரியும், காட்டுக்குள் நடக்கும் ஆள் தெரிய மாட்டார்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: எந்த எண் ரோட்டில் தங்குகிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். இடத்தை மாற்றினால் சிக்னல் கிடைக்கும் கடைசி இடத்திலேயே அவருக்கு மெசேஜ் போடுங்கள். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் அவசரத்துக்கு சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்ப முடியும், வானம் திறந்திருக்க வேண்டும், லேண்டிங்கில் அது பிரச்சினை இல்லை. ராண்டிலில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், ட்ரௌட் லேக் வரை நடுவில் பங்க் கிடையாது. ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், புதுக் கார்கள் பலவற்றில் ஸ்பேரே இருக்காது, பங்சர் ஒட்டும் டப்பா மட்டும் இருக்கும். கூர்மையான ஜல்லி பக்கவாட்டில் கிழித்தால் அந்த டப்பா உதவாது.

நாலாம்பிறை:

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள் அண்ணா, பல ஒப்பந்தங்களில் மண் ரோட்டில் போகக் கூடாது என்று இருக்கும். சொந்தக் கார்தானே?

வழித்துணை:

சொந்தக் கார்தான். ஸ்பேர் இல்லை, இப்போதுதான் டிக்கியைத் திறந்து பார்த்தேன், டப்பாதான் இருக்கிறது. இந்த வாரமே ஒன்று வாங்கிப் போடுகிறேன். ஆகஸ்டுக்கே வைத்துக்கொள்கிறோம்.